வால்தீர் கட்டிய முன்னறை

ஸ்காலவிக், மானிடோபா
1986 செப்டம்பர் 8

அன்புள்ள கியார்த்தனுக்கு,

பழைய பள்ளிக்கூடத்தை இடித்துவிட வேண்டும் என்று நான் சொன்னதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். வின்னிபெக்கில் உன் காதுக்கும் எட்டியிருக்கும். நான் அப்படிச் சொல்லவில்லை. வாசலில் உள்ள முன்னறையைத் தொடக் கூடாது என்றுதான் சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபி. சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டே ஃபியோலா ஆரம்பித்தாள்.

"ஏன் ஹெர்தீஸ், அந்த ஸ்கூலு உன்ன என்ன பண்ணுச்சு? பாரம்பரியக் கட்டடம்னு கவர்மெண்டுல பலகை மாட்ட வர்றாங்க. மாட்டிட்டுப் போகட்டுமே!"

"தாராளமா மாட்டட்டும். முன்னறையப் பிடுங்காம மாட்டட்டும்."

"கன்னிமடத்து மகாராணி உத்தரவு போட்டாச்சு, எல்லாரும் கேட்டுக்கோங்கப்பா!" என்றார் ரெய்னிர், மீன்வலை பின்னிக் காய்த்துப்போன கையை உயர்த்தி. ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். என் அப்பா என்னைக் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகளிடம் படிக்க வைத்ததை இந்த லூத்தரன் சபை இன்னும் மன்னிக்கவில்லை. நான் என் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டேன்.

பள்ளியைப் புதுப்பிக்கும் குழுவுக்குத் தலைவன் நீ. 1906இல் இருந்த உருவத்துக்குத் திரும்பினால்தான் கட்டடத்துக்கு மதிப்பு என்று அறிக்கை எழுதியவனும் நீ. அந்த முன்னறையை உன் அப்பா தன் கையால் கட்டினார். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் காபி மேசையில் சொல்ல மாட்டேன், பலர் கை படும் காகிதத்திலும் எழுத மாட்டேன். மாதக் கடைசியில் வா. பிளம்ஸ் வைத்த அடுக்குக் கேக் செய்து வைக்கிறேன், மேலே ஐசிங் இல்லாமல், நம் ஐஸ்லாந்து முறைப்படி. எதிரே உட்காரவைத்துச் சொல்கிறேன். அதுவரை ஓர் ஆணியைக்கூடப் பிடுங்க விடாதே.

இருமல் தேவலையா? கழுத்தில் கம்பளி சுற்றிக்கொள்.

உன் அம்மா


வின்னிபெக்
1986 அக்டோபர் 6

அன்புள்ள அம்மாவுக்கு,

இருமல் போய்விட்டது. நீங்கள் சொன்னபடி மாதக் கடைசியில் வர முடியாததற்கு மன்னியுங்கள். பனி விழுவதற்குள் வேலை முடியாவிட்டால் இந்த ஆண்டு அங்கீகாரம் கிடைக்காது என்று அவசரப்படுத்தினார்கள்.

உங்கள் கடிதத்தைக் குழுவில் வாசித்தேன். காரணம் என்னவென்று நீங்கள் எழுதவில்லையே! "புருஷன் வால்தீர் செஞ்ச தச்சு வேலைன்னு அந்தம்மாவுக்குப் பெருமை, வேற ஒண்ணுமில்ல" என்றார் ரெய்னிர். 1947இல் ஒட்டவைத்த அறை அது. கட்டடத்தின் மூல வடிவத்தையே மறைத்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை பிரித்துவிட்டோம். அன்றிரவே வின்னிபெக் திரும்ப வேண்டியிருந்ததால் வீட்டுக்கு வரவில்லை. அப்பாவின் ஆணிகள் லேசில் வரவில்லை. கோட்டு மாட்டும் பலகையில் அவர் செதுக்கிய என் பெயர் அப்படியே இருந்தது. பள்ளிக்குப் போன முதல் நாள் அதன் கீழேதான் தொப்பியை மாட்டினேன். வேறு எந்தப் பிள்ளைக்கும் பெயர் இல்லை, எனக்கு மட்டும் என்று எவ்வளவு பெருமை! அந்தப் பலகையை எடுத்து வைத்துக்கொள்ளத்தான் நினைத்தேன். "தலைவரு தன் பேர மட்டும் காப்பாத்திக்கிறாருடோய்!" என்று யாரோ கத்தினார்கள். கூச்சமாகிவிட்டது. மற்றப் பலகைகளோடு அதையும் ரெய்னிரின் வலைக்கொட்டகை அடுப்புக்கே அனுப்பிவிட்டேன்.

கட்டடம் இப்போது பார்க்க அழகாக இருக்கிறது, அம்மா. விழாவில் முதல் வரிசையில் உங்களுக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். கோபப்படாமல் வாருங்கள்.

அன்புடன்,
கியார்த்தன்


ஸ்காலவிக்
1986 அக்டோபர் 10

கியார்த்தனுக்கு,

முன்னறை போனதை ஞாயிறன்றே கேள்விப்பட்டேன். பலகை போனது உன் கடிதத்தில்தான் தெரிந்தது.

அந்தப் பெயர் உன்னுடையது அல்ல.

உனக்கு முன் பிறந்த அண்ணன் பனிப்புயலில் இறந்தான் என்பது உனக்குத் தெரியும். நம் வழக்கப்படி அவன் பெயரையே உனக்கு வைத்தோம் என்பதும் தெரியும். எங்கே இறந்தான் என்று நாங்கள் சொன்னதில்லை. அதே பள்ளிக்கு நீயும் போக வேண்டும், பிள்ளை பயப்படுவான் என்று உன் அப்பா என் வாயையும் ஊரார் வாயையும் கட்டிவிட்டார். அப்போது இங்கே இருந்த குடும்பங்களில் இன்று மிஞ்சியது நான்தான். ஃபியோலாவும் ரெய்னிரும் பிற்பாடு வந்தவர்கள்.

1947 பிப்ரவரி. பள்ளிக்கூடக் கதவு அப்போது நேரே வெளியில் திறக்கும். பள்ளி விட்டதும் அவன், தன்னை ஏற்றி வந்த எங்கள் குதிரையைப் பார்க்கப் பள்ளி லாயத்துக்கு ஓடினான். புயலில் யாரும் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கவில்லை. மறுநாள் லாயத்தின் பின்சுவரை ஒட்டி அவனைக் கண்டெடுத்தோம். லாயத்தின் கதவு மறுபக்கம் இருந்தது.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில்தான் உன் அப்பா முன்னறையைக் கட்டினார். புயல் நாளில் பிள்ளைகளை அதில் நிறுத்தி எண்ணிய பிறகே வெளிக்கதவு திறக்கும். பள்ளியின் கதவு நிலையில் ஓர் இரும்பு வளையம் அடித்து, அதிலிருந்து லாயம் வரை கயிறு கட்டினார். நீயும் அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் போனாய். பலகையில் அவன் பெயரைச் செதுக்கி, அதன் கீழே யாரும் எதையும் மாட்டக் கூடாது என்றார். நீ தொப்பியை மாட்டினாய். உன்னை மட்டும் அவர் தடுக்கவில்லை.

முன்னறை கட்டியது 1947இல் என்று நீயே எழுதுகிறாய். நீ பிறந்தது 1949இல். கழித்தல் கணக்கை உனக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

முன்பே சொல்லியிருக்கலாமே என்பாய். வரச் சொன்னேன்.

சனிக்கிழமை ரெய்னிரின் கொட்டகையிலிருந்து நாள் முழுவதும் புகை வந்தது. கொடியில் காய்ந்த படுக்கை விரிப்புகளில் கரி படிகிறதே என்று அவரைத் திட்டிக்கொண்டே உள்ளே எடுத்தேன்.

விழாவுக்கு நான் வரவில்லை. நாற்காலியை ஃபியோலாவுக்குக் கொடு. இந்தக் கடிதத்தையும் குழுவில் வாசிப்பதானால் வாசி.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். போய்ப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கதவு நிலையில் அந்த இரும்பு வளையம் இருக்கிறதா, அதையும் பிடுங்கிவிட்டீர்களா? தொலைபேசியில் கூப்பிடாதே. எழுதிப் பதில் போடு.

ஹெர்தீஸ்