காய்ச்சல் நாள்களில் எடுத்த படம்

அனுப்புநர்:
ரா. அன்புமணி,
கம்பியாளர்,
பல்லடம்.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
மின்வாரியப் பிரிவு அலுவலகம்.

பொருள்: தேசிய விருது பெறத் தில்லி செல்ல மூன்று நாள் விடுப்பு கோருவதும், விடுப்புக் கடிதம் வாங்க மறுக்கப்பட்டதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதல் படம் எடுத்த இயக்குநருக்கான தேசிய விருது இவ்வாண்டு எனக்குக் கிடைத்துள்ளது. வரும் 24ஆம் தேதி தில்லியில் நேரில் பெற வேண்டும்.

2. என் கடிதத்தை அலுவலக உதவியாளர் மனோஜ்குமார் அவர்கள் இருமுறை திருப்பிக் கொடுத்துவிட்டார். விடுப்பு மீதமில்லை என்றார், அது சரியே. விருது வாங்கியவர் வேறு அன்புமணியாக இருக்கும் என்றும் சொன்னார். செய்தித்தாளில் வந்த என் புகைப்படத்தைக் காட்டியபோது, இவர் ஒல்லியாக இருக்கிறாரே என்றார். இதுவே என் புகார்.

3. விடுப்பு தீர்ந்த காரணத்தையும் தாங்கள் அறிய வேண்டும். மின்சாரம் நின்ற ஒரு பகலில் விசைத்தறித் தெருவொன்றில் நடப்பதே என் படம். தறிகள் ஓடாதபோதுதான் அங்கே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும். எனவே, மாதாந்திரப் பராமரிப்புக்காக நாம் மின்சாரத்தை நிறுத்தும் நாள்களில் படம்பிடித்தேன். நமக்கு வேலை அதிகமுள்ள நாள்களும் அவையே என்பதால், ஒன்பது முறை காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தேன். ஒருமுறையும் காய்ச்சல் இல்லை.

4. அந்நாள்களில் நான் ஏற வேண்டிய மின்கம்பங்களிலும் சேர்த்து ஏறியவர் சக ஊழியர் உமர் பாரூக். ஐந்தாவது காய்ச்சலின்போது உணவு இடைவேளையில் ஆரஞ்சுப் பழங்களோடு என் வீட்டுக்கு வந்தார். பொய் சொல்ல வராத என் மனைவி புவனா, படப்பிடிப்பு நடந்த தெருவைக் காட்டிவிட்டார். வந்து பார்த்த பாரூக் கோபிக்கவில்லை. பழங்களை நடிகர்களுக்கு உரித்துக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

5. இம்முறையும் வேறு காரணம் எழுதவே நினைத்தேன். புவனா விடவில்லை. "படத்தைப் பொய் சொல்லி எடுத்துப்போட்டீங்க. விருதையாவது உண்மையைச் சொல்லிப்போட்டு வாங்குங்க" என்றார்.

ஆகவே, அந்த ஒன்பது நாள்களுக்காகத் தாங்கள் எடுக்கும் நடவடிக்கை எதுவானாலும் ஏற்கிறேன். 23 முதல் 25 வரை சம்பளமில்லா விடுப்பாகவாவது அனுமதித்து உதவுங்கள். 27ஆம் தேதி மின்தடை நாளில் பாரூக் ஓய்வெடுக்கட்டும். அவர் வேலையையும் நானே பார்க்கிறேன்.

இடம்: பல்லடம்
நாள்: 14.11.2025

தங்கள் பணியாளன்,
ரா. அன்புமணி
கம்பியாளர்

குறிப்பு: கையொப்பத்தின் கீழ் 'இயக்குநர்' என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன். அலுவலகக் கடிதம் என்பதால் அடித்துவிட்டேன். அடித்தல் தெரிந்தால் பொறுத்தருளவும்.