கிருமிக்குப் போர்த்திய கம்பளி

ஏனுங்க,

நான் கொட்டச்சேட்டுல அக்கா ஊட்டுக்குப் போறனுங்க. களியும் கொள்ளுக் கடைசலும் அடுப்பு மேல மூடி வெச்சிருக்கறேன். பக்கத்துல கண்ணாடித் தட்டுல இருக்கறது உங்க கிருமி. மாத்தி எடுத்துத் தின்னுபோடாதீங்க.

குப்பைமேனிச் சாறு கிருமியக் கொல்லும்னு காட்டி, நீங்க காலேஜ்ல பேரு வாங்கோணும். சரிங்க. ஆனா சாகறதுக்கு முன்னால அது நல்லா வளரோணும்னு, இந்த ஏற்காட்டுக் குளிருல என் கம்பளியவே உருவி அதுக்குச் சுத்தி வெச்சீங்க பாருங்க! நான் நடுங்கிக் கெடக்கறேன், நீங்க தட்டுக்குச் சூடு பத்துதான்னு தொட்டுப் பாக்கறீங்க.

கேட்டா, "உனக்கு ஆராய்ச்சி புரியாது"ங்கறீங்க. நொம்ப சரிங்க. கம்பளிய எடுத்துட்டுப் போறேன்.

நாளைக்கு உங்க புரொபசர் வந்து பாக்கறப்ப தட்டுல ஒண்ணும் வளந்திருக்காது. குளிருல வெறச்சுப் போச்சுன்னு உண்மையச் சொல்லிப்போடாதீங்க. குப்பைமேனிதான் கொன்னுதுன்னு சொல்லுங்க, மெடலே குடுப்பாங்க.

பாவாயி

மறந்துட்டேன்: கொட்டச்சேட்டுக்குச் சாயங்காலம் ஒரு பஸ் இருக்குது. சாவிய சலீமா கடையில குடுத்துட்டு வாங்க. கம்பளி ரெண்டு பேருக்குப் பத்தும். தட்டு மட்டும் வேண்டாமுங்க.