பேசக்கூடாத தோழியோடு ஒரு செமினார்

செப். 15, செவ்வாய்

காலையிலிருந்தே கச்சான், மேற்கேயிருந்து அடிக்கும் காற்று. துப்பட்டா தலைக்கு மேல், பை முழுக்க மணல். பஸ் லேட்.

மனித உரிமைகளின் அடிப்படைகள், அலகு 1. சார் மஞ்சளாகிப்போன தாளைப் பார்த்து ஒப்பித்தார். "உரிமைங்கது பொறப்பிலேயே வருது. யாரும் குடுக்கதில்ல, யாரும் பறிக்க முடியாது. எழுதிக்கோங்க." எழுதினோம். "அப்பம் ஏன் சார் பறிக்காவ?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன். "அது அலகு நாலு" என்றார்.

அடுத்து இடி. செமினாருக்கு ஜோடி போட்டார். உரிமை எங்கிருந்து வருகிறது, கடவுளிடமிருந்தா, சட்டத்திலிருந்தா? நானும் மெர்சியும். வெள்ளிக்கிழமை. "ஒரே ஊர்க்காரப் பிள்ளைங்க, சேர்ந்து படிக்க வசதி" என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

வசதிதான்! மெர்சி வீட்டை ஊர் விலக்கி வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போகக்கூடாது, பூசை நாள். போன மாதம் வாரம் முழுக்கக் காற்று, ஞாயிறு மட்டும் கடல் சும்மா கிடந்தது. மெர்சியின் அண்ணன் அந்தோணி போய்விட்டான். கோயில் முன்னால் நின்று மன்னிப்புக் கேள் என்றது ஊர்க் கமிட்டி. மாட்டேன் என்றான். அன்றிலிருந்து அந்த வீட்டாரோடு யாரும் பேசக்கூடாது, கடையில் சாமான் கிடையாது. அதை மைக்கில் வாசித்தவர் கமிட்டிச் செயலாளர். அதாவது என் அப்பா.

செப். 16, புதன்

பஸ்ஸில் அவள் முன்னால், நான் பின்னால். ஒரே பஸ், ஒரே வகுப்பு, ஒரே செமினார். பஸ்ஸில் பாதி ஊர்க்காரர்கள் என்பதால் காலேஜ் வாசல் வரை ஊமை நாடகம்.

அம்மாவின் தீர்ப்பு: "காலேஜு நம்ம ஊரு இல்லல்லா. அங்கன பேசு. இங்கன வேண்டாம்." சரி, போன்? அப்பாவிடம் கேட்கப் போனது என் புத்திகெட்டதனம்.

"போன்ல பேசுததும் பேச்சுதான்."

"மெசேஜு?"

"அதுவும் பேச்சுதான்."

"அது எழுத்துல்லாப்பா?"

"ஏளா, எங்கிட்ட வக்கீல் மாதிரி பேசாத. ஒரு வீட்டுக்கு விட்டுக் குடுத்தா நாளைக்கு எவன் கேப்பான்?"

அப்பாவுக்கும் வருத்தம்தான், முகத்தில் தெரிகிறது. அதுதான் இன்னும் எரிச்சல். வெறும் கல்நெஞ்சக்காரராக இருந்தால் நிம்மதியாகச் சண்டை போடலாம்.

மதியம் மெர்சியோடு கேண்டீன். செமினார் பேச்சு பாதிதான். உப்பும் மிளகாயும் வாங்க அவள் அம்மா முத்தையாபுரம் வரை பஸ் ஏறிப் போகிறார்களாம்.

"எங்கப்பா மேல கோவமா இருக்கியா?"

"இருக்கேன். ஒம்மேலயுந்தான்."

பப்ஸில் பாதியைப் பிய்த்து என் பக்கம் வைத்துவிட்டுத்தான் சொன்னாள்.

வாங்க வேண்டியது: ரீஃபில், அம்மாவின் முட்டுவலித் தைலம், ஷாம்பு.

செப். 18, வெள்ளி

செமினார் நாறிப்போயிற்று. நான் 'கடவுள்' தயாரித்துப் போனேன். அவளும் 'கடவுள்'. சட்டத்தை மற்றவள் பார்த்துக்கொள்வாள் என்று ரெண்டு பேருமே விட்டுவிட்டோம். ஒரே ஒரு மெசேஜ் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

"பக்கத்துத் தெருதானம்மா? ஒரு வார்த்தை பேசிக்கிட மாட்டீங்களா?" என்றார் சார். வகுப்பே சிரித்தது. மெர்சி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காரணம் என் வாய் வரை வந்தது, விழுங்கினேன். சொன்னால் எங்கள் ஊரையே உதாரணமாக்கி அலகு நாலில் சேர்த்துவிடுவார். திங்கள்கிழமை மறுபடி செய்ய வேண்டும்.

திரும்பும் பஸ். உப்பளம் தாண்டி ஊர் வளைவுக்குள் நுழைகிறது. மெர்சி அழுகிறாள். சத்தமே இல்லாமல், துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு. சுற்றி அத்தனை பேர். சின்னதில் அவளைத் தூக்கிச் சுமந்த சித்தி உட்பட. ஒருத்தர்கூட என்ன ஏது என்று கேட்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏளா, அழாத."

அவ்வளவுதான் சொன்னேன். பஸ்ஸே கப்சிப். பின்னாலிருந்து ஒரு குரல்: "செக்ரட்டரி மவளே பேசுதா, பாத்தியா?"

நான் செருப்பைக் கழற்றுவதற்குள் செய்தி வீட்டுக்கு வந்திருந்தது.

"பேசினியா?"

"பேசினேன்."

"என்ன பேசின?"

"அழாதன்னேன்."

அப்பா சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

செப். 20, ஞாயிறு

பூசை முடிந்ததும் கமிட்டி. தலைவர் நல்ல மனிதர், எனக்கு வழி பண்ணிக் கொடுக்கப் பார்த்தார். "தெரியாம பேசிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிரு பாப்பா. முடிஞ்சிது."

தெரியாமல் இல்லையே. தெரிந்துதான் பேசினேன். அதையே சொன்னேன். "அழுதவள அழாதன்னதுக்கு எதுக்கு மாமா மன்னிப்பு?" ஒரே சலசலப்பு. "ஒழுங்கா பி.காம் படிக்கப் போட்டிருக்கணும்" என்றார் ஒருவர். என் படிப்புக்கு ஊர் தந்த மரியாதை.

செயலாளர் வீடாச்சே, இந்த ஒரு தடவை விடலாமா என்று இழுத்தார்கள். வேண்டாம் என்றது அப்பாதான். மைக்கை வாங்கி, அந்தோணி வீட்டுக்கு வாசித்த அதே வார்த்தைகளை எங்கள் வீட்டுக்கும் வாசித்தார். ஒரு இடத்தில் மட்டும் குரல் கரகரத்தது. மைக் கோளாறு என்கிறாள் அம்மா.

ஊர் பேசவில்லை, சரி. அப்பாவும் என்னோடு பேசவில்லை. என்ன நியாயம் இது? எரிச்சல் எரிச்சலாக வருகிறது. அழுகையும்.

செப். 21, திங்கள்

ஒரு நல்லது. விலக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் பேசக்கூடாது என்று விதி இல்லை. யாருக்கும் தோன்றவில்லை போல. ஊர் ஸ்டாப்பிலேயே "ஏளா ஜெனி!" என்று கத்திக் கூப்பிட்டாள் மெர்சி. சட்டம் அவள், கடவுள் நான். பஸ் முழுக்கக் கேட்கும்படி படித்தோம்.

"நல்ல ஒருங்கிணைப்பு" என்றார் சார். பத்துக்கு ஏழு. ஏழுதானா!

செப். 22, செவ்வாய்

மறுபடி காற்று. அப்பாவோடு தொழிலுக்குப் போகும் ஆட்கள் வரவில்லை. தனியாகவே போனார். அம்மா வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். நானும் காலேஜுக்குப் போகவில்லை.

மதியம் கரை சேர்ந்தார். வள்ளத்தை மணலில் மேலே ஏற்ற வேண்டும். மற்ற நாளென்றால் கூப்பிடாமலே ஓடி வருவார்கள். இன்று எல்லாரும் குனிந்து வலை பார்த்தார்கள். அப்பா ஒற்றை ஆளாகத் தோளைக் கொடுத்துத் தள்ளினார். நானும் அம்மாவும் ஓடிப்போய்த் தள்ளினோம். அசையவில்லை. அலை வந்து வந்து பக்கவாட்டில் அடிக்கிறது, இன்னும் நாலு அடி அடித்தால் கவிழ்ந்துவிடும். மன்னிப்புக் கேட்டுத் தொலைத்திருக்கலாமோ என்று முதல் தடவையாகத் தோன்றியது.

அந்தோணி வந்தான். ஒன்றும் கேட்கவில்லை. மறுபக்கம் தோளைக் கொடுத்தான். ஏறிவிட்டது.

அப்பா மூச்சு வாங்க நின்றார். அவனைப் பார்க்காமல் கடலைப் பார்த்து, "சாப்பிட்டியால?" என்றார்.

"ஞாயித்துக்கெழம நான் போவத்தான் செய்வேன் மாமா. இப்பவே சொல்லிட்டேன்."

"அதப் பேசுவோம். மொதல்ல வந்து சாப்பிடு."

வீட்டில் ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அப்பா அம்மாவிடம், "அவனுக்குக் கொழம்பு ஊத்தச் சொல்லு அவள" என்றார்.

அவள் என்பது நான். கரண்டியும் கையுமாக அவர் பக்கத்தில்தான் நிற்கிறேன்.