வட்டத்துக்குள் பூஜ்யம்

9 ஜூன் 2025, கள்ளக்குறிச்சி

என் மனைவி அபிநயாவின் ஆய்வுக் கட்டுரை இன்று ஆய்விதழின் இணையப் பக்கத்தில் வெளியானது. அவள் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவைக் குறி. கீழே, ‘காலமானார்’ என்று ஒரு வரி. டெங்குவில் போய் ஐந்து மாதம் ஆகிறது. இப்போதுதான் அச்சேறியிருக்கிறாள்.

தலைப்புக்கு அருகே ஒரு வட்டம். செய்தித்தாள், ட்வீட், வலைப்பதிவு, அரசு அறிக்கை என்று இணையத்தில் யார் இந்தக் கட்டுரையைக் குறிப்பிட்டாலும் வட்டத்துக்குள் எண் ஏறும். இப்போது 0.

ஆஸ்பத்திரியில் சொன்னாள்: “வெளிய வரட்டும்பா. நாலு பேரு பேசினா கலெக்டர் ஆபீஸு அந்தத் தண்ணியக் கண்டுக்கும்.” வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூர். குடிக்க ஒரே ஊற்று. அதில் பேதிக் கிருமி இருக்கிறது என்பதுதான் கட்டுரை.

10 ஜூன்

0.

12 ஜூன்

மைத்துனன் அஜித்திடம் லிங்க்கைப் பரப்பச் சொன்னேன். கண்ணீர் அஞ்சலி படம் செய்துவிட்டான். நடுவில் அவள் போட்டோ, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, அடியில் பொடி எழுத்தில் கட்டுரைத் தலைப்பு. திருநாவலூர் சொந்தம் மொத்தமும் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் எத்தனை பேர் கும்பிட்டாலும் அந்த வட்டத்துக்குத் தெரியாது.

“டேய், லிங்க் எங்கடா?”

“லிங்க்ல அக்கா மூஞ்சி இல்லியே மாமா. யாரு தொடுவா?”

20 ஜூன்

1!

திறந்து பார்த்தால், தண்ணீர் பற்றி எந்தக் கட்டுரை வந்தாலும் தானாகப் பதிவு போடும் புரோகிராம். ஆள் இல்லை. சாஃப்ட்வேர்காரன், எனக்குத் தெரியாதா?

2 ஜூலை

நானும் ஒரு புரோகிராம் எழுதினேன். பொய்ப் பெயர்களில் கணக்குகள், எல்லாம் அவள் கட்டுரையைப் பகிர்கின்றன. 31. ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். யாருக்கு அனுப்ப? இன்னா பண்ணிக்கினு இருக்கேன் நான்?

5 ஜூலை

பொய்க் கணக்குகள் என்று கண்டுபிடித்து எல்லாவற்றையும் நீக்கிவிட்டார்கள். மறுபடி 1.

18 ஜூலை

கொளஞ்சியப்பன் போன் செய்தார். அவளை மலைக்குக் கூட்டிப்போன ஜீப்காரர்.

“போன மாசம் அஜித்து தம்பி ஸ்டேட்டஸ்ல மேடம் படத்தப் பாத்தேன் சார். மனசே ஆறல.” தயங்கினார். “அந்தத் தண்ணி ரிசல்ட்டு இன்னா சார் ஆச்சி? பாட்டில்ல புடிச்சிக்கினு போனாங்களே. ஊர்ல கேட்டுக்கினே இருக்காங்க.”

ஒருத்தரும் சொல்லவில்லையா? கட்டுரை வெளியாகும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது அவள் ஆய்வு வழிகாட்டியின் கண்டிப்பு. அவளும் காத்திருந்தாள். நானு வட்டத்தையே பாத்துக்கினு —

“அதைக் குடிக்கக் கூடாதுங்க. கொதிக்க வெச்சாவது...”



“போன மழையில காசியம்மா புள்ள பேதியில போய்ட்டான் சார்.”

27 ஜூலை

ஜீப்பில் மேலே போனேன். ஊர் கூடி நின்றது. கட்டுரையில் இருப்பதைச் சொன்னேன். “மழையில வெறகே எரியாது. எங்க சார் கொதிக்க வெக்கிறது?” என்று ஒருவர் சிரித்தார். இரண்டு பேர் கூடச் சிரித்தார்கள்.

காசியம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இது உங்களுக்கு எப்ப சார் தெரியும்?”

“போன வருசம் ஆடியிலயே.”

“ஆடியிலயா?” என்றாள். “அவன் ஐப்பசியிலதான் சார் போனான்.”

கத்துவாள் என்று நின்றேன். இருட்டுவதற்குள் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அதே ஊற்றுக்கு நடந்தாள்.