யானை மாதிரி பேட்டரி

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் சௌக்கியம். உங்க முழங்கால் வலி தேவலையா?

"ரெண்டு ஃபேனுக்கு எதுக்கு யானை மாதிரி பேட்டரி?"ன்னு இன்வெர்ட்டர் வாங்கும்போது திட்டினீங்களே. சின்னது ஒரு மணி நேரத்துல படுத்துடும்னு நான் பிடிச்ச பிடியில நின்னேன். வைஃபை பெட்டியையும் அதுலயே சேர்க்க வெச்சேன்.

ஞாயித்துக்கிழமை பார்த்தீங்கல்ல? ரெண்டு மணி நேரம் அங்க கரண்ட் இல்லை, ஆனாலும் போன்ல உங்க முகம் ஒரு தடவைகூட மறையல. முன்னெல்லாம் பாதிப் பேச்சுல அறுந்துடும். அப்புறம் அடுத்த லீவு வரைக்கும் மீதியை மனசுக்குள்ள நானே பேசிக்கிட்டிருப்பேன். ஹாஸ்டல் ரூமே திரும்பிப் பார்க்கக் கை தட்டிட்டேன். ஒத்துக்கோங்கப்பா, ஜெயிச்சது நான்தான்.

ஷிஃப்ட் பஸ் வந்துடுச்சு. மாசா மாசம் பேட்டரித் தண்ணி அளவை போட்டோ எடுத்து அனுப்புங்க. பக்கத்துல அம்மாவை நிக்கச் சொல்லுங்க, அளவு தெளிவாத் தெரியும்.

உங்கள் மகள்