ரம்பத்தின் மூடியும் என் வாக்குமூலமும்

அன்பு மாறாத என் ரீத்தா அக்காவுக்கு,

மரத் தொழிற்சாலையில் நேர்ந்த உன் மரணம் குறித்த விசாரணைக் கோப்பு சென்ற வாரம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரிகள் விசாரித்து அனுப்பியது. முதலாளிமேல் குற்றம் சாட்டலாமா என்பதை ஜொகூர் மாநில அரசுத் தரப்பு வழக்கறிஞர்களாகிய நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் பக்கத்தில் உன் பெயர் இருந்தது. அடுத்த பக்கத்தை நான் திருப்பவில்லை. இறந்தவர் என் உடன்பிறந்தவர் என்று எழுதிக் கையொப்பமிட்டு, கோப்பை மேலதிகாரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அன்று மாலையே மூவாரில் உன் வீட்டுக்குப் போய் அத்தானிடம் சொன்னேன்.

"அரசாங்க லாயரு என் தம்பின்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாளேடா. அவளுக்கே நிக்க மாட்டியா?"

"நான் நின்னா, சொந்த அக்கா கேஸ்னு அந்தப் பக்கத்து லாயர் மொத நாளே கேள்வி கேப்பாரு, அத்தான்."

"எங்கிட்ட சட்டம் பேசாத லா!"

நான் சொன்னது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. மீதி உனக்குத் தெரியும்.

நீ இருந்தபோது ஒரு ஞாயிறு பூசை முடிந்து உன் வீட்டுக்கு வந்திருந்தேன். நீ மீன் பொரித்துக்கொண்டே ஆரம்பித்தாய்: "டேய், ரம்பத்து மேல இருக்கிற மூடியக் கழட்டி வச்சிட்டானுங்கடா. வேலை லேட்டாவுதாம், சூப்பர்வைசர்தான் கழட்டச் சொன்னான்."

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "இதை எங்கிட்ட சொல்லாதக்கா. நாளைக்குக் கேஸ்னு வந்தா நான் சாட்சியாயிடுவேன். அப்புறம் நடத்த முடியாது. தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறைக்கு எழுதிப் போடு."

"அலமாக்! அடுப்படியிலயும் கோர்ட்டா? சரிங்க துவான், சாப்பிடுங்க."

ஐயா என்று மலாயில் கேலியாக அழைத்து, சிரித்துக்கொண்டே தட்டில் மீனை வைத்தாய். நீ எழுதிப் போடவில்லை. பத்தொன்பது நாள் கழித்து, மூடியில்லாத அந்த ரம்பத்தில் சிக்கிய பலகை தெறித்து உன் மார்பில் அடித்தது.

அப்போது வந்திராத ஒரு வழக்குக்காக என்னைச் சுத்தமாக வைத்துக்கொண்டேன், அக்கா. அந்தத் துறைக்கு நானே ஒரு தொலைபேசி அழைப்பு செய்திருந்தால் போதுமாக இருந்திருக்கும். நான் அழைப்பதைத் தடுக்கும் சட்டம் ஏதாவது உண்டா என்று பிறகு தேடிப் பார்த்தேன். இல்லை. எங்கள் மேசைக்குக் கோப்பு வரும்போது பெரும்பாலும் யாரோ ஒரு தொழிலாளி ஏற்கெனவே விழுந்திருக்கிறார். அதற்கு முன்னால் எங்களுக்கு வேலையே இல்லையா?

உன் இறுதிச் சடங்குக்கு மலர்வளையத்தோடு வந்த மேலாளர், மூடியை நீயே கழற்றியிருக்க வேண்டும் என்று அத்தானிடம் சொன்னார். உன்னோடு வேலை செய்த பங்களாதேஷ்காரர்கள் தலைகுனிந்து நின்றார்கள். அவர்களுடைய வேலை அனுமதி முதலாளி கையில். யார் வாய் திறப்பார்கள்? யார் கழற்றச் சொன்னது என்பதை உன் வாயால் கேட்டவன் நான் ஒருவன்தான். நான் பேசாமல் இருந்தால், பழி உன்மேல் நிற்கும். என் தவறும் வெளியே தெரியாது.

நேற்று விசாரணை அதிகாரியிடம் போனேன். நீ சொன்னதைச் சொல் மாறாமல் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு, மலாயில் கேட்டார்: "அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?"

நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பதிலையும் எழுதிக்கொண்டார். கீழே கையொப்பமிட்டேன்.

இறந்தவரின் வார்த்தையை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்குமா என்பது வாதத்துக்குரியது. உறுதியாக எதையும் சொல்ல மாட்டேன். இந்த வேலையில் நீடிப்பேனா என்பதும் தெரியாது. வாக்குமூலத்தைப் பற்றி இன்று காலை அத்தானிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார்.

வழக்கு முடியும்வரை இக்கடிதத்தை யாருக்கும் காட்ட மாட்டேன். அழைப்பாணை வரும் நாளில், இத்தனை வருடம் நான் நின்ற இடத்துக்கு எதிரே, சாட்சிக் கூண்டில் ஏறுவேன். மூடியை நீ கழற்றவில்லை என்று உன் பிள்ளைகள் காதில் விழும்படி சொல்வேன். அவர்கள் என்னை எப்படிப் பார்த்தாலும் சரி, இறங்கிவிட மாட்டேன்.

உன் உடன்பிறந்த தம்பி,
அந்தோணி