மூன்றாவது கார்டு

அன்புள்ள அமுதா,

நான் கிடார் வாங்குவேன், நீ கோபித்துக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் அக்கா வீட்டுக்குப் போவாய் என்று கல்யாணத்தன்றே கணித்தவன் நான்.

போகும்போது, "ஒழுங்கா ஒரு சுத்து வாசிச்சிட்டுக் கூப்புடு, வரேன்" என்றாய். ப்ளூஸ் என்கிற அந்த அமெரிக்கப் பாட்டுக்கு மூன்றே கார்டுதான்; கார்டு என்றால் பல தந்திகளை ஒன்றாக அழுத்தி மீட்டும் சுரக்கூட்டு. ஒரே வாரத்தில் மூன்றும் என் விரலுக்குள் வந்துவிட்டன. காலனியே வாசலில் கூடி, "மாமா, இன்னொரு தடவ!" என்று கெஞ்சுகிறது.

வாசிக்கும்போதெல்லாம் செராமிக் பாத்திரக் கம்பெனியில் நீ வேலை பார்த்த நாட்கள்தான் ஞாபகம். சூளையிலிருந்து வந்த கோப்பையைச் சுண்டிக் கேட்டே, "இது விரிசல் வுட்டிருக்குது" என்று ஒதுக்குவாய். நான் கதை அளந்தால், "யோவ், இதுவுந்தான்" என்பாய்.

அந்தக் காதிடம் எதை மறைப்பது? பாட்டை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவது மூன்றாவது கார்டுதானாம். அது மட்டும் எனக்கு வரவில்லை, மூன்றும் வந்ததாகச் சும்மா எழுதினேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்